சிறுவாடும் வட்டியும்: காங்கேயம் வட்டாரக் குடும்பங்களின் கடன் தீர்ப்பு வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

கொங்கு நாட்டு உழவர் கடனைப் பற்றிய அரசு ஆவணங்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் தொடர்ந்து கிடைக்கின்றன. அவற்றில் கடனாளியாகத் தென்படுபவர் பெரும்பாலும் நிலமுடைய ஆணே. அக்கடனை அடைக்க உதவிய அன்றாடச் சிறுசேமிப்பு, குறிப்பாகப் பெண்களின் சிறுவாடு, ஆவணங்களில் மிக அரிதாகவே இடம்பெறுகிறது. இக்கட்டுரை காங்கேயம் வட்டாரத்தைக் களமாகக் கொண்டு அச்சேமிப்பின் வரலாற்றை ஆராய்கிறது. சிறுசேமிப்பு கடனை அடைத்ததா என்பதைக் குடும்பத்தின் சிக்கனம் மட்டும் தீர்மானிக்கவில்லை. வட்டி விகிதம், சில்லறைக் காசை மொத்தத் தொகையாக மாற்றித்தரும் அமைப்பு, சேமிப்பின்மீது சேமித்தவருக்குள்ள உரிமை ஆகிய மூன்றுமே தீர்மானித்தன என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: சிறுவாடு, காங்கேயம், வட்டி, சீட்டு, கூட்டுறவு, பெண் சொத்துரிமை

முன்னுரை

கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை 1887இல் தொகுத்தளித்த பிரடெரிக் நிக்கல்சன், பின்னர்ச் சென்னை மாகாணத்தில் நில வங்கிகளையும் வேளாண் வங்கிகளையும் நிறுவுவது குறித்து ஆராயும் பொறுப்பை ஏற்றார். அவரது அறிக்கை 1895இலும் 1897இலும் இரு தொகுதிகளாக வெளிவந்தது. உழவர் எந்த நாட்டிலும் கடன் வாங்கவே செய்வார் என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். மலிவான கடன் மட்டும் போதாது, சிக்கனமும் முன்னறிவும் தன்னுதவியும் கடன் அமைப்பின் வழியாகவே வளர வேண்டும் என்றும் வலியுறுத்தினார். செருமனியில் ஊரகக் கடன் சங்கங்களைத் தோற்றுவித்த ரைபைசனைப் போன்ற ஒருவரைக் கண்டடைவதே வழி என்னும் கருத்தோடு அவ்வறிக்கை நிறைவுற்றது. 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு வித்திட்ட முயற்சிகளுள் இது முதன்மையானது.

நிக்கல்சன் நன்கறிந்த இந்த மாவட்டத்திலேயே, அவர் வளர்க்க விரும்பிய சிக்கனம் ஏற்கெனவே வழக்கத்தில் இருந்தது. அது வங்கிப் புத்தகத்தில் இல்லாமல் அடுக்குப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் சுருக்குப் பையிலும் இருந்தது. அதற்குச் சிறுவாடு என்று பெயர். அவ்வளவு சிக்கனம் இருந்தும் கடன் ஏன் தலைமுறைகளாகத் தொடர்ந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

காங்கேயம்: நிலமும் வரவின் போக்கும்

ஆங்கிலேயர் ஆட்சியில் கோயம்புத்தூர் மாவட்டத்தின் தாராபுரம் வட்டத்தைச் சார்ந்திருந்த காங்கேயம், 1979 முதல் ஈரோடு மாவட்டத்திலும் 2009 முதல் திருப்பூர் மாவட்டத்திலும் இடம்பெற்றது. மழை குறைந்த இம்மேட்டு நிலத்தில் சோளமும் கம்பும் மானாவாரியாக விளைந்தன. கிணறு உள்ளவர் பருத்தியும் புகையிலையும் பயிரிட்டனர். கிளுவை வேலி அடைத்து, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர விடப்படும் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் இவ்வட்டாரத்தின் தனித்தன்மை. காங்கேயம் மாட்டினத்தின் வளர்ப்பு இக்கொறங்காட்டையே நம்பி நின்றது.

இந்நில அமைப்பு குடும்ப வரவை இரண்டாகப் பிரித்தது. முதலாவது, பருவம்தோறும் ஒருமுறை வரும் பெருவரவு. பருத்தி, புகையிலை, காளைக்கன்று ஆகியவற்றின் விற்பனைத் தொகை இதில் அடங்கும். கண்ணபுரம் மாரியம்மன் கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தை இத்தகைய பெருவரவுக்கான வாய்ப்பு. இரண்டாவது, நாள்தோறும் வாரந்தோறும் வரும் சிறுவரவு. மோர், வெண்ணெய், நெய், கோழி முட்டை ஆகியவற்றின் விலை இவ்வகையைச் சாரும். பெருவரவு ஆண் கையிலும் சிறுவரவு பெண் கையிலும் சேர்வது பொது வழக்கு.

கடனோ பெருஞ்செலவுகளுக்காக வாங்கப்பட்டது. கிணறு வெட்டுதல், கவலை இறைக்க எருது வாங்குதல், திருமணம், பஞ்ச காலத்து உணவு ஆகியன அச்செலவுகள். 1883, 1884ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி அரசு தக்காவிக் கடன் வழங்கியபோதிலும், ஊரில் பணம் படைத்தவரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்துப் பெறும் கடனே உழவருக்கு எளிதில் கிட்டியது. பெருவரவு அடுத்த பருவத்தின் முதலீட்டுக்கே செலவாகிவிட, மாதந்தோறும் வளரும் வட்டிக்கு ஈடுகொடுக்கும் பொறுப்பைச் சிறுவரவே ஏற்க நேர்ந்தது.

சிறுவாடு: சொல்லும் செயலும்

வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தோ, தன் கைப்பொருளை விற்றோ பெண் ஒருத்தி தனியே சேர்த்து வைக்கும் சிறு தொகையைச் சிறுவாடு என்பர். அது மறைவாகச் சேர்க்கப்படுவது. அதன் இருப்பு வீட்டார் அனைவருக்கும் தெரிந்திருக்கும். அளவு மட்டும் தெரியாது.

பால்படு பொருளை விற்றுச் செல்வம் சேர்க்கும் பெண்ணைச் சங்க இலக்கியமே காட்டுகிறது. பெரும்பாணாற்றுப்படையின் ஆய்மகள் மோரை விற்றுத் தானியம் பெறுகிறாள். நெய்க்கு விலையாகப் பொன்னை ஏற்காமல் எருமையையும் பசுவையும் கன்றையும் பெறுகிறாள். அந்நூலின் களம் தொண்டை நாடு என்பதால் அதனைக் கொங்குக்கு நேர்ச்சான்றாகக் கொள்ள இயலாது. ஆயினும் அவள் மேற்கொண்ட பொருளியல் முடிவு கருதத்தக்கது. பொன் பெருகுவதில்லை, கால்நடையோ பெருகுகிறது. மேய்ச்சல் நிலம் இருக்கும்வரை கன்று ஈனும் பசுவே வட்டி தரும் சேமிப்பு.

சிறுவாடும் இவ்வாறே உருமாறியது. காசு ஓரளவு சேர்ந்ததும் அது வெள்ளாட்டுக் குட்டியாக மாறும். வளர்க்க இடமில்லாதவர் குட்டியைப் பிறரிடம் வாரத்துக்கு விட்டு, ஈனும் குட்டிகளில் பங்கு பெறுவர். தங்கத் தோடாகவோ மூக்குத்தியாகவோ மாறிய சிறுவாடு, தேவை நேர்கையில் அடகுக் கடைக்குச் செல்லும். அண்டை வீட்டாருக்குக் கைமாற்றாகவோ வட்டிக்கோ கொடுக்கப்படுவதும் உண்டு. எனவே சிறுவாட்டை முடங்கிக் கிடக்கும் காசு எனக் கருதுவது பிழை. அது சிறிய அளவில் இயங்கிய ஒரு முதலீட்டு முறை.

வட்டிக் கணக்கு

இவ்வட்டாரத்தில் வட்டி, நூற்றுக்கு மாதம் இத்தனை ரூபாய் என்றே சொல்லப்படும். ‘ஒரு வட்டி’ ஆண்டுக்கு 12 விழுக்காட்டையும், ‘இரண்டு வட்டி’ 24 விழுக்காட்டையும், ‘மூன்று வட்டி’ 36 விழுக்காட்டையும் குறிக்கும். சிறுசேமிப்பு இவ்வட்டிகளை எதிர்கொள்ளும் முறையை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் விளக்கலாம்.

ஒரு குடும்பத்தின் கடன் 1,000 ரூபாய் என்றும், நாள் ஒன்றுக்கு ஒரு ரூபாய் வீதம் மாதம் 30 ரூபாயைக் கடனுக்கென அது ஒதுக்குகிறது என்றும் கொள்வோம். வட்டி போக எஞ்சியது அசலில் கழிக்கப்படுமானால், ஒரு வட்டிக் கடன் 41 மாதங்களில் தீரும். செலுத்திய வட்டி ஏறத்தாழ 220 ரூபாய். இரண்டு வட்டிக் கடன் 56 மாதங்களில் தீரும். வட்டி ஏறத்தாழ 665 ரூபாய். மூன்று வட்டிக் கடனோ ஒருபோதும் தீராது. ஒதுக்கிய 30 ரூபாய் முழுவதும் வட்டிக்கே சரியாகிவிடும். அசல் ஒரு காசும் குறையாது. மூன்று குடும்பங்களின் சிக்கனமும் ஒன்றே. விளைவுகள் மட்டும் வேறுபடுகின்றன.

நடைமுறை இதனினும் கடுமையானது. கடன் கொடுத்தவர் பலர் அசலைச் சில்லறையாக ஏற்பதில்லை. மொத்தமாகக் கொண்டுவரும்வரை முழு அசலுக்கும் வட்டி ஓடும். அந்நிலையில் ஒரு வட்டிக் கடனுக்கு மாதம் 10 ரூபாய் வட்டி போக 20 ரூபாயே பானையில் சேரும். அது 1,000 ரூபாயாவதற்கு 50 மாதங்கள் ஆகும். வட்டி 500 ரூபாய். இரண்டு வட்டிக் கடனுக்கு மாதம் 10 ரூபாய் மட்டுமே சேரும். அசலைத் திரட்ட 100 மாதங்கள் ஆகும். அதற்குள் 2,000 ரூபாய், அதாவது அசலின் இரு மடங்கு, வட்டியாகச் சென்றுவிடும். இடையில் ஒரு மழை பொய்த்தாலோ, ஒரு மாடு இறந்தாலோ பானை காலியாகும். கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

ஆகவே கடன் தீராமைக்குச் சிக்கனமின்மையே காரணம் எனக் கூறும் முன், வட்டியின் அளவையும் அசலைத் திருப்பிச் செலுத்தும் முறையையும் ஆராய்தல் இன்றியமையாதது.

சில்லறையிலிருந்து மொத்தத் தொகை

ஏழை எளியோரின் நிதிப் பழக்கங்களை ஆராய்ந்த ஸ்டூவர்ட் ரூதர்போர்டு, சிறு தொகைகளைப் பயன்தரும் மொத்தத் தொகையாக மாற்றுவதே அவர்களது முதன்மைத் தேவை என விளக்கியுள்ளார். தமிழகத்தில் இத்தேவையை நிறைவேற்றிய பழைய அமைப்பு சீட்டு. அதன் இயக்கம் எளியது. 20 பேர் மாதம் 500 ரூபாய் வீதம் செலுத்தினால் திரளும் தொகை 10,000 ரூபாய். ஒரு மாத ஏலத்தில் ஒருவர் 1,500 ரூபாய் தள்ளி எடுத்தால் அவருக்கு 8,500 ரூபாய் கிடைக்கும். தள்ளிய தொகையில் நடத்துநரின் கழிவு 500 ரூபாய் எனில், எஞ்சிய 1,000 ரூபாய் தலைக்கு 50 ரூபாயாகப் பகிரப்படும். அவசரமுள்ளவர் முன்னரே எடுத்துக் கந்துக்காரரின் கடனை மொத்தமாக முடிக்கிறார். பொறுத்திருப்பவர் அத்தள்ளுபடியின் பயனைப் பெறுகிறார்.

மேற்கண்ட கணக்கில் பானையால் இயலாததைச் சீட்டு செய்தது. சில்லறையை ஏற்காத கடன்காரருக்கும் சில்லறையாக மட்டுமே சேமிக்கக்கூடிய குடும்பத்துக்கும் இடையே அது பாலமாயிற்று. எனினும் அதன் பலம் நடத்துநரின் நேர்மையைச் சார்ந்திருந்தது. தமிழ்நாட்டில் 1961இலும் நாடு முழுமைக்கும் 1982இலும் சீட்டு நிதிச் சட்டங்கள் இயற்றப்பட்டமைக்கு இதுவே பின்னணி. 1982ஆம் ஆண்டுச் சட்டம் நடத்துநரின் கழிவை 5 விழுக்காட்டுக்குள் வரையறுத்தது; 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 7 விழுக்காடாக உயர்த்தியது. பதிவு செய்யப்படாத ஊர்ச் சீட்டுகளும் தீபாவளிச் சீட்டுகளும் இப்பாதுகாப்புக்கு வெளியே நின்றன.

நகர்ப்புற நடுத்தர வகுப்பினருக்கு இதே பணியை நிதிகள் செய்தன. 1872இல் தோன்றிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டு இவ்வகையில் நன்கறியப்பட்டது. நிக்கல்சனும் நிதிகளை விரிவாக ஆராய்ந்துள்ளார். 1882இல் தொடங்கப்பட்ட அஞ்சலகச் சேமிப்பு வங்கி பாதுகாப்பான சேமிப்பை அளித்தது. ஆனால் கடன் அளிக்கவில்லை. கூட்டுறவுச் சங்கங்கள் கடன் அளித்தன. ஆனால் நிலத்தையும் குடும்பத் தலைமையையும் அடிப்படையாகக் கொண்ட அவற்றின் உறுப்பினர் பட்டியலில் சிறுவாடு சேர்த்த பெண்ணுக்கு இடம் கிடைப்பது அரிதாயிருந்தது.

சட்டத்தின் பார்வையில் பெண்ணின் காசு

சிறுவாடு ஏன் மறைவாகச் சேர்க்கப்பட்டது என்பதற்குச் சட்ட வரலாற்றில் ஒரு விடை உண்டு. மணமான பெண்ணின் சம்பாத்தியமும் சேமிப்பும் அவளது தனிச்சொத்து என 1874ஆம் ஆண்டின் மணமான பெண்டிர் சொத்துச் சட்டம் அறிவித்தது. ஆனால் இந்து, முஸ்லிம், பௌத்த, சீக்கிய, சமணப் பெண்களுக்கு அப்பிரிவு பொருந்தாது என்றும் அச்சட்டமே விலக்களித்தது. கணவர் வாழுங்காலத்தில் மனைவி கைத்தொழிலால் ஈட்டியது கணவரின் ஆளுகைக்கு உட்பட்டது என்னும் காத்தியாயனர் மரபே இந்துப் பெண்ணுக்கு வழங்கி வந்தது. இந்நிலையில் வெளிப்படையாகச் சேமிப்பது, சேமித்ததை இழக்கும் வாய்ப்பைத் தானே ஏற்படுத்திக்கொள்வதாகும். மறைவு என்பது பெண்ணின் இயல்பு பற்றியதன்று. உரிமையின்மைக்கு அவள் கண்ட மாற்று.

அடுத்த சான்று, கடன் நிவாரணச் சட்டத்திலேயே உள்ளது. 1929க்குப் பிந்தைய பெருமந்தத்தில் விளைபொருள் விலை வீழ்ந்தபோது, புரோநோட்டில் எழுதிய தொகை மாறாமல் அதன் உண்மைச் சுமை பெருகியது. சென்னை மாகாண ஊரகக் கடனை 1930இல் வங்கி விசாரணைக் குழு 150 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. 1935இல் சத்தியநாதனின் அறிக்கை அதனை 200 கோடி அளவில் கணித்தது. இதனைத் தொடர்ந்து இராஜாஜி அமைச்சரவை 1938இல் சென்னை உழவர் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபர் 1க்கு முந்தைய கடன்களில், 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையிலிருந்த வட்டி தள்ளுபடியானது. அசலின் இரு மடங்கை ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. இரண்டு வட்டிக் கணக்கில் 100 மாதங்களில் நாம் கண்ட அதே இரு மடங்கு இது. பானையில் சேர்த்து அசலைத் திரட்ட முயன்ற குடும்பம், அசலைத் தொடுவதற்கு முன்பே சட்டம் போதும் எனக் கருதிய அளவைச் செலுத்தி முடித்திருக்கும்.

இச்சட்டத்தின் 4ஆம் பிரிவு சில கடன்களுக்கு விலக்களித்தது. அவற்றுள் ஒன்று, வேறு சொத்து எதுவும் இல்லாத பெண்ணுக்கு 1937 அக்டோபர் 1 அன்று வரவேண்டியிருந்த, அசல் 3,000 ரூபாய்க்கு மேற்படாத கடன். அதாவது, அப்பெண்ணிடம் கடன் பெற்ற உழவர் இச்சட்டத்தைக் காட்டித் தொகையைக் குறைத்துக்கொள்ள இயலாது. அப்பணம் சீதனமா, வாழ்க்கைப்படியா, சிறுவாடா என்பதை விதி கூறவில்லை. ஆயினும் வட்டிக்கு விட்ட சிறுதொகையைத் தவிர வேறு ஆதாரமற்ற பெண்கள், சட்டமன்றம் தனி விதி வகுக்கும் அளவுக்கு இருந்தனர் என்பதை இவ்விலக்கு உறுதிப்படுத்துகிறது. உழவர் கடன் வரலாற்றில் பெண்ணை, கடனாளியின் மனைவியாக மட்டுமன்றிக் கடன் கொடுத்தவராகவும் காண இவ்விதி நம்மை வற்புறுத்துகிறது.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, பெண் தன் திறனாலும் உழைப்பாலும் ஈட்டிய சொத்தை அவளது முழுஉரிமைச் சொத்தாக்கியது. சட்ட நோக்கில், சிறுவாடு மறைந்திருக்க வேண்டிய தேவை அன்றோடு முடிந்தது. வழக்கில் அது முடியவில்லை.

சிறுவாடு சேர்க்க இயலாதோர்

இதுகாறும் கூறியவை ஏதேனும் ஒரு கால்நடையோ, விற்கத்தக்க பொருளோ உடைய குடும்பங்களுக்கே பொருந்தும். கொங்கு வேளாண்மையில் பண்ணையத்துக்கு இருந்த ஆள்கள், பெரும்பாலும் அருந்ததியர், ஆண்டு முன்பணத்தால் நிலவுடைமையாளரோடு பிணைக்கப்பட்டிருந்தனர். அவர்கள் கூலியின் பெரும்பகுதி தானியமாகவே அளக்கப்பட்டது. மிச்சம் பிடிக்கக் கையில் காசு தங்காத குடும்பத்தில் சிறுவாடு தோன்ற வழியில்லை. அவர்களது கடனை அளந்தது வட்டி விகிதம் அன்று. அடுத்த ஆண்டின் உழைப்பே. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இத்தகைய கடன்களைச் செல்லாதவை என அறிவித்ததன் பொருளை இப்பின்னணியிலேயே உணர முடியும். ‘சேமித்திருந்தால் கடன் வந்திராது’ என்னும் பொதுக்கூற்று, சேமிக்கும் வாய்ப்பும் சாதியாலும் நிலத்தாலும் பங்கிடப்பட்டிருந்தது என்பதை மறைத்துவிடுகிறது.

பானையிலிருந்து தீர்மானப் புத்தகத்துக்கு

1989இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள், 1997இல் மகளிர் திட்டத்தின்வழி மாநிலம் முழுவதும் பரவின. நபார்டு வங்கி 1992இல் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் சேமிப்பு, பின்னர் உள்கடன், அதன்பின் வங்கிக்கடன் என்பது அதன் ஒழுங்கு. நிக்கல்சன் தேடிய ரைபைசன் முறையின் கூறுகள் பலவும் இதில் உள்ளன. சிறு வட்டாரம், ஒருவரையொருவர் அறிந்த உறுப்பினர், கூட்டுப் பொறுப்பு ஆகியன அவை. வேறுபாடு யாதெனில், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப்பின் அது நிலமுடைய ஆணிடம் அன்றி, சிறுவாடு சேர்த்த பெண்ணிடம் வேர்கொண்டது.

மேலே கூறிய மூன்று தடைகளையும் குழு ஒருங்கே எதிர்கொண்டது. உள்கடனின் வட்டி வெளியேறாமல் குழுவின் நிதியிலேயே சேர்ந்தது. அசலைத் தவணையாகச் செலுத்த இயன்றது. சேமிப்பு அவரவர் பெயரில் எழுதப்பட்டது. சிறுவாடு முதன்முறையாகத் தீர்மானப் புத்தகத்தில் ஆவணமாயிற்று.

இம்மாற்றத்துக்கு ஒரு விலையும் உண்டு. எழுதப்பட்ட சேமிப்பு மறைவான சேமிப்பாக இருக்க இயலாது. குழுவில் எவ்வளவு உள்ளது, எவ்வளவு கடன் கிடைக்கும் என்பதைக் குடும்பம் அறிந்துவிடுகிறது. பெண்ணின் பெயரில் பெற்ற கடன் ஆணின் தொழிலுக்கோ பழைய கடனை அடைப்பதற்கோ செல்வதை ஆய்வுகள் பல சுட்டியுள்ளன. அன்று ஆணின் பெயரிலிருந்த கடனைப் பெண்ணின் சிறுவாடு அடைத்தது. இன்று கடனும் பெண்ணின் பெயரிலேயே எழுதப்படுகிறது. நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடைசெய்து 2003இல் தமிழ்நாடு அரசு இயற்றிய சட்டம், வட்டி விகிதம் என்னும் பழைய தடை அகலவில்லை என்பதற்குச் சான்று.

முடிவுரை

காங்கேயம் வட்டாரக் குடும்பங்களிடம் சிக்கனம் எக்காலத்தும் குறைவாக இருந்ததாகக் கொள்ள இடமில்லை. நாளுக்கு ஒரு ரூபாய் மிச்சம் பிடித்த கை ஒரு வட்டியில் கடனைத் தீர்த்திருக்கும். அதே கை மூன்று வட்டியில் வாழ்நாள் முழுதும் வட்டி மட்டுமே கட்டியிருக்கும். ஆதலின் சேமிப்பை அறமாக மட்டும் போற்றும் பார்வையும், கடனைப் பழக்கக் குறையாக மட்டும் காணும் பார்வையும் வரலாற்றுக்குப் பொருந்தா. வட்டிக்கு வரம்பு, சில்லறையை மொத்தமாக்கும் நம்பகமான அமைப்பு, சேமித்தவருக்கே உரிமை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தபோதே சிறுவாடு கடனை வென்றது.

இவ்வாய்வு மேலும் விரிவதற்குரிய மூலங்கள் உள்ளன. 1938ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்கீழ் விலக்குக் கோரிய பெண்களின் வழக்குக் கட்டுகள், ஊர்ச் சீட்டுக் கணக்கேடுகள், சுயஉதவிக் குழுக்களின் தொடக்ககாலத் தீர்மானப் புத்தகங்கள் ஆகியன அவற்றுள் முதன்மையானவை. குழுக்கள் கலையும்போதும் கணக்குகள் கணினிக்கு மாறும்போதும் இப்புத்தகங்கள் பழைய தாளோடு எடைக்குச் செல்லும் நிலை உள்ளது. பெண்கள் தம் சேமிப்பைத் தம் பெயரில் எழுதிய முதல் தலைமுறை ஆவணங்கள் அவை. அவற்றைத் திரட்டிக் காப்பது தமிழகப் பொருளியல் வரலாற்றாய்வின் உடனடிக் கடமையாகும்.